குதிகாலைப் பார்க்கிறவள்

முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கிறவர்களிடம் அவள் பெயரைக் கேட்டால் ‘மோப்பக்காரம்மா’ என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையோடு சரி. இல்லம் இல்லமாகப் போய், அங்கே படுத்திருக்கிற மனிதர்களை ஒழுங்காகக் கவனிக்கிறார்களா என்று பார்த்து மார்க் போடுவது அவள் வேலை. சொல்லிவிட்டுப் போகிற வழக்கமெல்லாம் கிடையாது. இரவு ஆட்கள் கிளம்பி, பகல் ஆட்கள் வந்து சேராத குழப்ப நேரமாகப் பார்த்து வாசலில் போய் நிற்பாள். அவள் தலை தெரிந்ததும் சமையலறையிலிருந்து துணி துவைக்கிற அறை வரைக்கும் செய்தி பறக்கும். தூங்கிக்கொண்டிருந்த காவலாளிக்குக்கூடச் சுறுசுறுப்பு வந்துவிடும்.

வரவேற்பறையில் அவள் உட்கார மாட்டாள். வரவேற்பறை எந்த இடத்திலும் பொய்தான் சொல்லும். நேராக உள்ளே போய் மூச்சை இழுப்பாள். மூத்திர வாடை அடித்தால் அவளுக்குப் பெரிய கோபம் வராது. வயதானவர்கள் இருக்கிற இடம், அடிக்கத்தான் செய்யும். பினாயில் வாடை மூக்கைத் துளைத்தால்தான் புருவம் மேலே போகும். சுத்தம் செய்கிறவன் அளவாக ஊற்றுவான், மறைக்கிறவன்தான் கேனோடு கவிழ்ப்பான் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சி தோற்று நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் கட்டில் கட்டிலாக நிற்பாள். தண்ணீர் டம்ளர் எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா, அதுவும் விளங்குகிற கை இருக்கிற பக்கமா என்று பார்ப்பாள். அழைப்பு மணியின் கயிறு தொங்குகிறதா, தொல்லை வேண்டாமென்று யாராவது மேலே சுருட்டிக் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். ஊட்டிவிடுகிற ஆயா உட்கார்ந்து ஊட்டுகிறாளா, நின்றுகொண்டு லாரிக்கு மண் அள்ளிப் போடுவதுபோல் ஊட்டுகிறாளா என்று பார்ப்பாள். கடைசியில், “சாக்ஸைக் கழற்றுங்க” என்பாள். குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தித் தூக்கி, சிவந்திருந்தால் விரலால் அழுத்துவாள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் பிழைத்தார்கள். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அடியில் சதை சாக ஆரம்பித்துவிட்டது. முதுகில் படுக்கைப்புண் வந்தால் குளிப்பாட்டும்போது யார் கண்ணிலாவது படும். குதிகால் மெத்தையைப் பார்த்துக் கிடக்கிறது, அதைக் குனிந்து பார்க்க ஒரு மனிதன் வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஊழியர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, படுத்திருப்பவர்களோடு பேசுவாள். “என்ன குறை?” என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, “எனக்கென்ன குறை, ராணி மாதிரி வெச்சிருக்காங்க” என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்கு வேர்த்துவிடும். அந்தக் கட்டில் பக்கத்தில்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு அதிக நேரம் உட்காருவாள். பயந்தவர்கள்தான் கேட்காமலே புகழ்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இத்தனையும் தெரிந்தவளுக்கு வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். இந்தக் கதையே அந்த அக்கா எங்கே இருப்பது என்பதைப் பற்றித்தான்.

அம்மா இல்லாத வீட்டில் தங்கையையும் தம்பியையும் ஆளாக்கியவள் அக்கா. துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற காலோடு வேலை பார்த்து, தங்கையை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியவள். கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் “முதல்ல இதுங்க கரையேறட்டும்” என்றாள். இதுங்க கரையேறியபோது அவளுக்குக் கல்யாண வயசு கரையேறிப் போயிருந்தது. தங்கையும் ஏனோ கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேருமாக மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் சண்டையும் சிரிப்புமாக இருந்தார்கள். பக்கவாதம் வந்து அக்காவின் இடது பக்கம் விழுந்தபோது, மோப்பக்காரம்மா மருத்துவமனையிலிருந்து அவளை நேராக வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள்.

தம்பி வேறு ஊரில் இருந்தான். போனில் மட்டும் அக்கறை அவனுக்கு அருவியாகக் கொட்டும்.

“சின்னக்கா, சொன்னா கேளு. பெரியக்காவ ஒரு நல்ல ஹோம்ல சேர்த்துடலாம். உனக்கும் வயசாகுது, இடுப்பு வேற போயிடுச்சு. நல்ல ஹோம் எதுன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?”

“அது தெரிஞ்சதாலதான்டா சேர்க்கல.”

“ஒண்ணுகூடவா தேறல?”

“என் அக்காவை விடற மாதிரி ஒண்ணுகூட இல்ல. போனை வை.”

வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி அன்றைக்குப் பார்த்த இல்லத்தின் கதையைச் சொல்வாள். சலவைக்கல் தரை போட்ட அந்தப் பெரிய இல்லத்தில் கிழவர்களை டிவி முன்னால் வரிசையாக உட்காரவைத்து, டிவியைச் சமையல்காரி பக்கம் திருப்பி வைத்திருந்ததைச் சொல்வாள். ஒருவருடைய பல்செட்டை இன்னொருவர் வாயில் மாட்டிவிட்ட கூத்தைச் சொல்வாள். அக்கா வாயின் நல்ல பக்கத்தால் சிரிப்பாள். அலுப்போடு வருகிறவளுக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? ராத்திரி சாப்பாட்டுக்கு இந்தக் கதைகள்தான் தொட்டுக்கொள்ள.

அலுப்பு என்றால் சாதாரண அலுப்பு இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து அக்காவைத் துடைத்து, உடுத்தி, ஊட்டி, கைக்கெட்டுகிற மாதிரி தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு ஓட வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு தரம் எட்டிப் பார்த்துச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் திரும்பியதும் மறுபடி துடைப்பது, தூக்குவது, புரட்டுவது. அக்கா எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். ஆனால் தனக்குத்தானே உதவ முடியாத உடம்பு எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் கனக்கும். தூக்கும்போது மோப்பக்காரம்மாவின் வாயிலிருந்து தன்னையறியாமல் ஒரு ‘ஸ்ஸ்’ வரும். அந்தச் சத்தம் தனக்கு வருகிறதென்றே அவளுக்குத் தெரியாது. குளிர் காலத்தில் அக்காவுக்குப் பாதம் சில்லிட்டது. தடிப்பான கம்பளி சாக்ஸாகப் பார்த்து வாங்கி மாட்டிவிட்டாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கிற இல்லத்துக்கு ஆய்வுக்குப் போனாள். கூட வந்தவள் சக ஆய்வாளர். அலுவலகத்தில் அவளுக்குச் ‘சிரிச்சமுகம்’ என்று பெயர். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வைத்த பெயர்.

அந்த இல்லத்தைப் பார்த்தாலே அழுகை வரும். சுவரில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து நின்றது. லிஃப்ட் ஓடவில்லை. ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை, மூடினால் புழுக்கம். இது போதாதென்று உள்ளே நுழைந்ததும் கூச்சல். கட்டிலுக்குக் கட்டில் புகார். “டீ கழுவுன தண்ணியா இருக்கு, எழுதிக்கோங்க” என்றார் ஒரு முன்னாள் பஸ் டிரைவர். “இந்த மேட்ரன் ஒரு ராட்சசி. தூங்குறவளை எழுப்பிப் புரட்டிப் போடுறா” என்றாள் ஒரு அம்மாள், மேட்ரன் பக்கத்தில் நிற்கும்போதே. அந்த மேட்ரனோ குண்டாக, வியர்த்து வழிந்துகொண்டு, கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி, “காலையிலேர்ந்து என்னைத் திட்டுறதுதான் இவங்களுக்குப் பொழுதுபோக்கு. திட்டட்டும், ரத்த ஓட்டத்துக்கு நல்லது” என்றாள்.

மோப்பக்காரம்மா சாக்ஸைக் கழற்றச் சொன்னாள். வரிசையாகப் பார்த்தாள். குதிகால்கள் எல்லாம் கழுவின கிழங்கு மாதிரி சுத்தமாக இருந்தன. அதைக் குறித்துக்கொண்டாள்தான். ஆனாலும் அந்த இரைச்சல் அவளுக்குத் தலைவலியைக் கிளப்பிவிட்டிருந்தது. முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. “சுமார்னு போட்டுடலாம்” என்று சிரிச்சமுகத்திடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரம் வீட்டில் ஒரு வாடை வந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டதோ என்று குளியலறையை மோந்து பார்த்தாள். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். குனிந்து தேட இடுப்பு விடவில்லை. கடைசியில் பினாயில் பாட்டிலை எடுத்து, குளியலறையிலும் அறை மூலைகளிலும் தாராளமாக ஊற்றினாள். ஊரிலுள்ள இல்லங்களையெல்லாம் மோந்தே மடக்கியவள் தன் வீட்டில் செய்த காரியம் இது. சொன்னால் யார் நம்புவார்கள்? அக்கா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “நல்லா மணக்குதுடி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு உடம்பு துடைத்தபோது சாக்ஸைக் கழற்றப் போனாள். அக்கா நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“குளுருது. இருக்கட்டும்.”

“பல நாளா இதையேதான் சொல்றே. துவைக்க வேண்டாமா? விடுக்கா.”

“இருக்கட்டும்டி. நீ போய்க் கொஞ்சம் படு. எனக்கென்ன குறை?”

மோப்பக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. யாரும் அங்கே அக்காவிடம் குறை எதுவும் கேட்டிருக்கவில்லை.

இடது கால் சாக்ஸை உருவினாள். குதிகால் பக்கம் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து நனைத்து, அரை விரல் அரை விரலாக அதைப் பிரித்தாள். காலை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கியபோது, நடுவில் கறுத்து, சுற்றிலும் ஈரமாக, குழிவிழுந்த ஒரு புண் அவளைப் பார்த்தது. வாடை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை. எந்த இல்லத்திலாவது இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அன்றைக்கே அந்த இடத்தை இழுத்து மூடியிருப்பாள்.

“வலிச்சிருக்குமே. ஏன்க்கா சொல்லல?”

அக்கா கூரையைப் பார்த்தாள். “பெருசா ஒண்ணும் வலிக்கல.”

பொய். அந்தப் பக்கத்தில் அசைவுதான் போயிற்றே தவிர உணர்ச்சி போகவில்லை என்று டாக்டர் சொன்னது இருவருக்குமே தெரியும். மோப்பக்காரம்மா புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள், டாக்டருக்குப் போன் செய்தாள், தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்தினாள். கை அதன்பாட்டுக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. முடித்துவிட்டு சமையலறையில் போய் நின்று அழுதாள். அவமானமாக இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று தம்பி செய்கிற கேலி காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒன்று புரிந்தது. அக்கா தன்னிடம் உண்மையைச் சொல்லப் போவதில்லை. சொல்ல முடியாது. கவனித்துக்கொள்கிற ஆளையே எதிரில் வைத்துக்கொண்டு யாரால் வாய் திறக்க முடியும்? அவள் சிரிச்சமுகத்துக்குப் போன் செய்தாள்.

“ஒரு ஆய்வு இருக்கு. வர முடியுமா?”

“ஞாயித்துக்கெழமையா? எந்த ஹோம் மேடம்?”

“என் வீடுதான்.”

சிரிச்சமுகம் உடனே கிளம்பினாள். வந்தாள், செருப்பைக் கழற்றினாள், அக்காவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மோப்பக்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மோப்பக்காரம்மா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்தாள். எத்தனையோ ஆயாக்களையும் மேட்ரன்களையும் இப்படி வெளியே தள்ளியிருக்கிறாள். அவர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ‘மடியில் கனமிருந்தால் வழியில் பயம்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் நகத்தைக் கடித்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா குப்பையைக் கொட்டப் போகிறவள், “என்ன இங்க ஒக்காந்துட்டீங்க?” என்று கேட்டாள். “காத்துக்கு” என்றாள். படிக்கட்டில் காத்தாவது மண்ணாவது.

உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தரம் அக்கா உரக்கச் சிரித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். யார் என்று தெரியவில்லை.

கடைசியில் சிரிச்சமுகம் வெளியே வந்து அதே படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“புண்ணு வந்து ரொம்ப நாளாகுதாம். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் சாக்ஸைக் கழட்ட விடல.”

“ஹோமுக்கு அனுப்பிடுவேன்னு பயந்துட்டா. நாந்தானே வாய் ஓயாம அந்தக் கதையெல்லாம் சொன்னேன். வேணும் எனக்கு.”

“நானும் அப்படித்தான் நெனைச்சுக் கேட்டேன்.” சிரிச்சமுகம் செருப்பை மாட்டிக்கொண்டாள். “ஹோமை நெனைச்சு அவங்களுக்குப் பயமில்லையாம் மேடம். உங்களை நெனைச்சுத்தான் பயமாம்.”

“என்னை நெனைச்சா? நான் அவளை ஒரு வார்த்தை அதட்டினதில்லையே!”

“அதட்டினாப் பரவாயில்லையாம், திருப்பி அதட்டலாமாம். நீங்க தூக்கும்போது ‘ஸ்ஸ்’ங்கறீங்களாம். அதைக் கேட்டா அவங்களுக்கு உசுரே போகுதாம். ‘இன்னும் ஒரு வேலை வெச்சா அவ படுத்துடுவா, படுத்தா அழுவா, அவ அழுதா எனக்குத் தாங்காது’ன்னாங்க. தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போக உங்களை அடிக்கடி எழுப்பணும்னு தண்ணிகூடக் கம்மியாத்தான் குடிக்கிறாங்களாம். நீங்க வெச்சிட்டுப் போறதைப் பக்கத்து வீட்டம்மாகிட்டச் சொல்லிச் செடிக்கு ஊத்தச் சொல்லிடுவாங்களாம்.”

மோப்பக்காரம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற என்ன சொன்னா?”

“போகணும்ங்கறாங்க. ஏதாவது ஒரு ஹோமுக்கு. கொஞ்ச நாளாவே நெனைப்பு இருக்காம். ஆனா நீங்க எந்த ஹோமையும் நல்லதுன்னு சொன்னதே இல்லையாம். அதனால எப்படிக் கேக்கறதுன்னு தெரியலையாம்.”

அன்றைக்குச் சிரிச்சமுகம் மார்க் ஏதும் போடவில்லை. போட என்ன இருக்கிறது?

தம்பிக்குச் சொன்னபோது அவன் சலவைக்கல் தரை போட்ட இல்லத்தைத்தான் சொன்னான். “அங்க ஃபவுண்டன்லாம் இருக்கு சின்னக்கா” என்றான். “ஃபவுண்டனுக்குப் படுக்கைப்புண் வராதுடா” என்று போனை வைத்தாள். பிறகு அக்காவின் கட்டிலில், கால்மாட்டில் இல்லை, தலைமாட்டில் உட்கார்ந்து, பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கிற இல்லத்தைப் பற்றிச் சொன்னாள். பெயிண்ட் உரிந்ததை மறைக்கவில்லை. டிரைவரின் டீயைச் சொன்னாள், மேட்ரனின் கைலேஞ்சியைச் சொன்னாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் அவளைத் திட்டுறாங்களா?”

“வாய்க்கு வந்தபடி.”

“அவ என்ன பண்றா?”

“ஒண்ணும் பண்றதில்ல. புரட்டிப் போட்டுட்டுப் போயிடறா.”

“சரி, அங்கேயே போறேன்” என்றாள் அக்கா. உடனே தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மோப்பக்காரம்மா அழவில்லை. அழாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள், அந்த இல்லத்துக்கு இனிமேல் தான் ஆய்வுக்குப் போக முடியாது என்று. லிஃப்ட் ஓடாததால் இரண்டு ஆயாக்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். அவர்களும் மூச்சு வாங்கினார்கள், “என்னம்மா, பார்க்க ஒல்லியா இருக்கே, இந்தக் கனம் கனக்கிறே” என்று வாய்விட்டே சொன்னார்கள். மோப்பக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. அக்காவோ, “வாங்குற சம்பளத்துக்குத் தூக்குங்கடி” என்றாள். வீட்டுக் கட்டிலில் இவ்வளவு காலம் கிடந்த அக்காவின் குரல் இல்லை அது. அதற்கும் முந்தின அக்காவின் குரல், துணிக்கடை அக்காவின் குரல்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, காலியான கட்டிலைப் பார்க்க முடியாமல் சமையலறையில் பாய் போட்டுப் படுத்தாள். யாரும் எழுப்பாத ராத்திரி. இருந்தும் தூக்கம் வரவில்லை. புரட்ட வேண்டிய நேரத்துக்கெல்லாம் உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது. துரோகம் செய்துவிட்டோமோ என்று ஒரு மனசு சொன்னது. நிம்மதியாக இருக்கிறது என்று இன்னொரு மனசு சொன்னது. அந்த இரண்டாவது மனசைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அடுத்தடுத்த ராத்திரிகளும் அப்படித்தான் போயின.

புண் ஆறுவதற்கு நாளாகும் என்றார் டாக்டர். மோப்பக்காரம்மா வேலை முடிந்து சாயங்காலம் அங்கே போவாள். ஒரு நாள் போனபோது அக்கா சாய்ந்து உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“வாடி. இந்தச் சாப்பாட்டுல உப்புன்னு ஒண்ணு உண்டா இல்லையான்னு கேளு. பக்கத்துக் கட்டில் குறட்டையில ஜன்னல் ஆடுது. அந்த மேட்ரன் இருக்காளே, ராத்திரியில கண்ணசர விடமாட்டேங்கறா, காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கறா. தண்ணி குடி தண்ணி குடின்னு உயிரை எடுக்கறா. குதிகால் இன்னைக்கு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கட்டை இறுக்கிக் கட்டிட்டா அந்த நெட்டை ஆயா, அவளைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கேட்டுட்டேன்.”

மோப்பக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கேட்கக் கேட்க நெஞ்சு வலித்தது. இதில் ஒரு வார்த்தையைக்கூட வீட்டில் தன்னிடம் அக்கா சொன்னதில்லை என்று வலித்தது. இப்போது சொல்கிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் உறுமின. டிரைவர் யாரோடோ டீக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா பாதியில் நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தாள்.

“கண்ணு ஏன் இப்படிக் குழி விழுந்திருக்கு? தூங்குறதில்லையா நீ?”

“தூங்கறேன்க்கா.”

“பொய் சொல்லாதே. இப்படி வா. தலையை இங்க வை.”

“யாராவது பார்த்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். வைடி.”

மோப்பக்காரம்மா நாற்காலியை நெருக்கிப் போட்டுக் கட்டிலின் விளிம்பில், அக்காவின் நல்ல கைப்பக்கம் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிஷம் மரியாதைக்குப் படுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அக்காவின் கை தலைமுடிக்குள் போனதுதான் தெரியும். அதற்கப்புறம் குறட்டை, டிரைவர், பஸ் ஒன்றும் அவள் காதில் விழவில்லை.

நெட்டை ஆயா டிரேயைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தாள். அக்கா உதட்டில் விரலை வைத்தாள்.

“சத்தம் போடாதே. என் தங்கச்சி தூங்குறா.”